நாண் விடுகை

வில்லில் அம்பைத் தொடுத்து, நாணை இழுத்து, குறி பார்த்த பின் நாணைக் கையிலிருந்து விலக விடும் செயல் நாண் விடுகை எனப்படும். வில்வித்தையைப் பற்றிய நூல்கள் வில்லின் வலிமையையும் அம்பின் கூர்மையையும் விரிவாகப் பேசுகின்றன. கைவிரல்கள் நாணைப் பற்றும் விதத்தையும் விடும் விதத்தையும் பற்றி அவை சொல்வது குறைவு. ஆனால் அம்பு எங்கே போய்ச் சேரும் என்பது பெரும்பாலும் அந்தக் கடைசி நொடியில்தான் முடிவாகிறது. விரல் சற்றே திருகினால் நாண் பக்கவாட்டில் ஓடும். நாண் ஓடிய திசைக்கேற்ப அம்பும் விலகும்.

இந்தச் செயலுக்கு உலகில் பல முறைகள் இருந்துள்ளன. வெறும் விரல்கள், தோலுறை அணிந்த விரல்கள், பெருவிரலில் மாட்டிய கல் வளையம் என்று தொடங்கி, இன்று ‘ரிலீஸ்’ என்று வில்லாளிகள் அழைக்கும் சிறு விசைப்பொறி வரை அந்த வரலாறு நீள்கிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் சிறு வயதிலேயே கேட்டு வளரும் ஏகலைவன் கதைக்கு இந்த வரலாற்றில் முக்கியமான இடம் உண்டு. நாண் விடுகை முறைகளைத் தெரிந்துகொண்டால்தான் அக்கதையில் துரோணர் எதைக் கேட்டார், ஏகலைவன் எதை இழந்தான் என்பது சரியாக விளங்கும்.

மோர்ஸ் செய்த வகைப்பாடு

நாண் விடுகையை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ். 1877-இல் ஜப்பானுக்குச் சென்று அங்கே கற்பித்தவர் அவர். ஜப்பானிய நண்பர் ஒருவருடன் அம்பெய்து விளையாடியபோது, நண்பர் நாணைப் பிடித்த விதம் தம்முடையதற்கு முற்றிலும் மாறாக இருப்பதைக் கண்டு வியந்தார். அந்த வியப்பே 1885-இல் அவர் வெளியிட்ட சிறு நூலுக்கு வித்து. சிற்பங்கள், ஓவியங்கள், பயணிகளின் குறிப்புகள் ஆகியவற்றைத் திரட்டி நாண் விடுகையை அவர் ஐந்து வகைகளாகப் பிரித்தார். குழந்தைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வதுபோல் அம்பின் அடியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடிப்பது முதல் வகை. அதிலிருந்து சற்று வளர்ந்தவை அடுத்த இரண்டு. மீதமுள்ள இரண்டும்தான் உலக வரலாற்றைப் பங்கு போட்டுக்கொண்டவை. ஒன்று மத்தியதரைக்கடல் முறை, மற்றது மங்கோலிய முறை.

மத்தியதரைக்கடல் முறையில் பெருவிரலுக்கு வேலையே இல்லை. சுட்டுவிரல் அம்புக்கு மேலும், நடுவிரலும் மோதிரவிரலும் அம்புக்குக் கீழுமாக நாணைக் கொக்கிபோல் மடித்து இழுக்கின்றன. இங்கிலாந்தின் நெடுவில் வீரர்கள் இப்படித்தான் எய்தார்கள். இன்றைய ஒலிம்பிக் போட்டியில் ரிகர்வ் வில்லை ஏந்தி நிற்பவர்களும், விரலில் ஒரு சிறு தோல் மறைப்பை மாட்டிக்கொண்டு, இதையே செய்கிறார்கள். வலக்கையால் நாணிழுப்பவருக்கு இம்முறையில் அம்பு வில்லின் இடப்பக்கத்தில் அமரும்.

மங்கோலிய முறையில் நாணை இழுப்பது பெருவிரல் மட்டுமே. அது நாணைச் சுற்றி மடிய, சுட்டுவிரல் பெருவிரலின் மேல் பூட்டுப்போல் படிந்து நிற்கும். அம்பு வில்லின் வலப்பக்கத்தில் அமரும். நாணைத் தொடுவது ஒரே ஒரு விரல் என்பதால் விடுகை விரைவாகவும் தடையின்றியும் நிகழும். அம்பை எடுத்த கை அப்படியே நாணுக்கு வந்து சேர்வதால் அடுத்தடுத்த அம்புகளை விரைந்து தொடுக்கலாம். குதிரை மேலிருந்து எய்தவர்கள் இம்முறையை விரும்பியதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வில்லின் அளவு. குதிரைவீரரின் வில் கொம்பு, மரம், தசைநார் ஆகியவற்றை ஒட்டிச் செய்த குட்டை வில். குட்டை வில்லை முழுவதும் இழுக்கும்போது நாண் கூர்கோணமாக மடியும். அந்தக் கோணத்துக்குள் மூன்று விரல்களை நுழைத்தால் அவை நசுங்கும். ஒற்றைப் பெருவிரலுக்கு இடம் போதும். மூங்கிலாலோ ஒற்றை மரத்தாலோ செய்த நீண்ட வில்லில் நாண் விரிந்த கோணமாகவே நிற்பதால் மூன்று விரலுக்கும் தாராளமாக இடமுண்டு. ஆக, ஒருவர் எந்த விரலால் நாணிழுக்கிறார் என்பதை அவர் கையிலுள்ள வில்லின் நீளமே பெருமளவு தீர்மானிக்கிறது.

ஏகலைவன் இழந்தது

ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வாசிப்பதும் இரவெல்லாம் கூத்து நடப்பதும் இன்றும் தொடர்கிற வழக்கம். அங்கே பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், பள்ளிப் பாடத்தில் மட்டும் படித்தவர்களுக்கும் ஏகலைவன் கதை பெரும்பாலும் ஒரே வடிவில்தான் தெரியும்: வேடர்குலச் சிறுவன், மண்ணால் செய்த குருவின் உருவம், நாயின் வாயை அடைத்த அம்புகள், குருதட்சணையாக வலக்கைப் பெருவிரல், அதோடு அவன் வில்வித்தை முடிந்தது.

அந்தக் கடைசிப் பகுதி மூலநூலில் இல்லை. வியாச பாரதத்தின் ஆதிபருவம் சொல்வது வேறு. நிடதர் தலைவன் இரணியதனுசின் மகனான ஏகலைவன் முகத்தில் வாட்டமின்றிப் பெருவிரலை அறுத்துக் கொடுத்தான். அதன் பிறகு மற்ற விரல்களால் நாணை இழுத்து எய்தான். ஆனால் முன்பிருந்த விரைவு அவனுக்கு இல்லை. இவ்வளவுதான் நூல் சொல்கிறது. எய்ய முடியாமல் போயிற்று என்றோ, குறி தவறியது என்றோ சொல்லவில்லை. போனது விரைவு மட்டுமே.

கதையின் முற்பகுதியை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பாண்டவர்களை வியக்க வைத்தது ஏகலைவனின் குறி மட்டுமன்று. குரைத்த நாயின் திறந்த வாயில், அது வாயை மூடுவதற்குள், ஏழு அம்புகளை ஒரே நேரத்தில் எய்ததுபோல் செலுத்தினான். அவர்கள் வியந்தது அந்தக் கைவேகத்தை. துரோணர் கேட்ட தட்சணை சரியாக அந்தக் கைவேகத்தின் உறுப்பு. பெருவிரல் முறையின் தலையாய சிறப்பு விரைவு என்று இன்றைய வில்லாளிகள் சொல்வதையும், பெருவிரல் போனபின் விரைவு போயிற்று என்று இதிகாசம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் பகுதியைப் பாடியவர் வில்லை நன்கு அறிந்தவர் என்பது தெரிகிறது. மூன்று விரலால் நாணிழுக்கும் சமுதாயத்தில் இந்தக் கதை பிறந்திருக்க முடியாது. அங்கே பெருவிரலை அறுத்தால் அம்பு தொடுப்பது கொஞ்சம் கடினமாகும், வில்லைக் கைவிட வேண்டியிராது.

ஏகலைவன் பாரதத்தில் அதோடு மறைந்துவிடவும் இல்லை. துரோண பருவத்தில் கண்ணன் அருச்சுனனிடம் பேசும்போது அவனை மீண்டும் நினைவுகூர்கிறான். விரலுறை கட்டிக் காட்டில் திரிந்த அந்த நிடதன் இன்னோர் இராமனைப்போல் விளங்கினான் என்றும், பெருவிரல் இருந்திருந்தால் தேவரும் அசுரரும் சேர்ந்தாலும் அவனை வெல்ல முடிந்திராது என்றும், அருச்சுனனின் நன்மைக்காகவே தான் அவனைக் கொன்றதாகவும் கண்ணன் சொல்கிறான். பெருவிரல் இழந்த பின்னும் கொல்லப்பட வேண்டிய அளவுக்கு அவன் அஞ்சத்தக்க வீரனாகவே இருந்திருக்கிறான். பள்ளிகளில் இக்கதையைக் குருபக்திக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்வதால் இந்தப் பிற்பகுதி பலருக்கும் தெரியாமலே போகிறது. ஊனமான கையோடு வேறொரு விடுகை முறையைக் கற்றுக்கொண்டவன் என்ற ஏகலைவனும் மாணவர்கள் அறிய வேண்டியவனே.

மேற்கிந்தியாவின் பில் பழங்குடியினர் பெருவிரலை நாணில் வைக்காமல் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் இழுப்பதாகவும், அது ஏகலைவனின் நினைவுக்குச் செய்யும் மரியாதை என்றும் சொல்லப்படுவதுண்டு. அவர்களின் வில் மூங்கில் வில். அந்த வில்லுக்கு விரல் முறையே இயல்பாகப் பொருந்தும் என்பதால், பழக்கம் முந்தியதாகவும் விளக்கம் பிந்தியதாகவும் இருக்கலாம். அதனால் அந்த விளக்கத்தின் மதிப்பு குறைந்துவிடாது. ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக வில்லேந்தினார். பெருவிரலுக்கு வேலையில்லாத முறையிலேயே எய்த அவருக்கு 1991-இல் கிடைத்த தேசிய விருதின் பெயர் அர்ஜுனா விருது.

ஐந்து முட்டிகள்

வசிட்டர் பெயரில் வழங்கும் தனுர்வேத நூல், நாணைப் பிடிக்கும் கையமைதிகளை ‘முட்டி’ என்ற சொல்லால் குறித்து ஐந்தாக வகுக்கிறது: பதாகை, வச்சிரமுட்டி, சிங்ககர்ணம், மத்சரி, காகதுண்டி. சார்ங்கதரர் 14-ஆம் நூற்றாண்டில் தொகுத்த நூலிலும் வில்வித்தைப் பகுதி உண்டு.

இவற்றில் பெருவிரல் எல்லாவற்றிலும் வருகிறது. பதாகையில் சுட்டுவிரல் நீண்டு பெருவிரலின் அடியில் படிகிறது. வச்சிரமுட்டியில் பெருவிரல் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நுழைகிறது. சிங்ககர்ணத்திலும் மத்சரியிலும் சுட்டுவிரல் நுனி பெருவிரல் நகத்தின் வெவ்வேறு இடங்களில் அமர்கிறது. காகதுண்டி என்றால் காக்கையின் அலகு. பெயருக்கேற்பப் பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் கூடி நிற்கும். ஏகலைவன் கதையில் மறைமுகமாகத் தெரிந்தது இங்கே நேரடியாகவே தெரிகிறது. பண்டை இந்தியாவின் நூல்வழி வில்வித்தை பெருவிரலை நம்பியது.

இந்நூலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு பயன் சொல்லப்பட்டிருப்பது. தொலைவுக்கு எய்ய பதாகை. நாராசம் என்னும் இரும்பு அம்புக்கு வச்சிரமுட்டி. உறுதியான இலக்குக்குச் சிங்ககர்ணம். நுண்ணிய குறிக்குக் காகதுண்டி. எதை எய்யப் போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் எப்படிப் பிடி என்று சொல்கிறது நூல். இன்று அமெரிக்காவில் வில்வேட்டைக்குக் கருவி வாங்கச் செல்பவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான்.

விரலையும் முன்கையையும் காக்கும் தோலுறைகளையும் இதிகாசங்கள் அடிக்கடி குறிப்பிடுகின்றன. முன்கையில் கட்டுவது ‘கோதா’, விரலில் அணிவது ‘அங்குலித்திரம்’. கோதா என்பது வடமொழியில் உடும்பின் பெயர். உடும்புத் தோலால் செய்ததால் உறைக்கும் அப்பெயர் வந்தது. தமிழிலும் ‘கோதை’ என்ற சொல்லுக்கு மாலை, பெண் என்ற பொருள்களோடு உடும்பு, கைத்தோற்கட்டி என்ற பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. ஆண்டாளின் பெயராக மட்டும் இச்சொல்லை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

தமிழ்நிலத்துச் சான்றுகள்

தமிழகத்தில் வில்லின் பழமைக்குச் சான்று தேட வேண்டியதில்லை. மூவேந்தரில் சேரரின் சின்னமே வில். போளூருக்கும் ஆரணிக்கும் இடையில் உள்ள திருமலை என்னும் சமண மலையில் உள்ள கல்வெட்டு ஒன்று, வஞ்சி வேந்தர் குலத்தவனான எழினி என்பவன் அமைத்த இயக்கன், இயக்கி உருவங்களை அவன் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்ததைச் சொல்கிறது. எறும்புக்கும் தீங்கு நினையாத சமணருக்கு, வில்லைச் சின்னமாகக் கொண்ட குலத்தவர் திருப்பணி செய்திருக்கிறார்கள். அதே திருமலையில் சோழர் குலத்துக் குந்தவையின் பெயரால் ஒரு சினாலயமும் உண்டு.

இதே மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. இங்குள்ள கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை ஆராய்ந்து, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை 1972-இல் வெளியிட்டது. ஆநிரை கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள் இவை. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல் வீரனோடு அவனுடைய நாய் கோவிவனையும் நினைவுகூர்வதால் பலரும் அறிந்தது. இவ்வட்டாரக் கற்கள் பலவற்றில் வீரன் ஒரு கையில் வில்லையும் மறு கையில் வாளையோ குறுவாளையோ ஏந்தியிருக்கிறான்.

நாண் விடுகையை ஆராய்பவருக்கு இந்தக் கற்கள் ஓர் ஏமாற்றம். வில் கையில் இருக்கிறது, ஆனால் நாணிழுக்க வேண்டிய கையில் வாள் இருக்கிறது. வீரன் இறந்த நிலையையும் அவன் பெருமையையும் காட்டச் சிற்பிக்கு அது போதுமானது. நாணிழுக்கும் கோலத்தைக் காண மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மேலமர்ந்து வில் வளைக்கும் கொற்றவையைப் பார்க்கலாம். இத்தகைய சிற்பங்களைப் பார்க்கச் செல்லும் மாணவர்கள் இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்வது நல்லது. அம்பு வில்லின் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது, நாணைப் பிடித்த கையில் பெருவிரல் மடிந்திருக்கிறதா விரிந்திருக்கிறதா. ஆயினும் சிற்பியும் ஓவியரும் வில்லாளிகளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அம்பைத் தவறான பக்கத்தில் வைத்த படங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. ஒரு சிற்பத்தை மட்டும் வைத்து ஒரு காலத்தின் வழக்கத்தை முடிவு செய்வது ஆபத்து.

வில்லின் அமைப்பே நல்ல சான்று. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கண்டதாக அர்ரியன் எழுதியிருப்பதில், இந்தியக் காலாட்படையினரின் வில் ஆள் உயரம் என்றும், அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்திக்கொண்டு நாணை இழுப்பார்கள் என்றும், அந்த அம்பை எந்தக் கவசமும் தடுக்காது என்றும் காண்கிறோம். ஆள் உயர வில்லில் விரல் நசுங்கும் சிக்கல் இல்லை. மறுபக்கம், திருமாலின் வில்லுக்குச் சார்ங்கம் என்று பெயர். திருப்பாவையிலும் அப்பெயர் வருகிறது. சிருங்கம் என்றால் கொம்பு, சார்ங்கம் என்றால் கொம்பாலான வில். இந்தியாவில் நெடிய மூங்கில் வில்லும் குட்டையான கொம்பு வில்லும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன என்று கொள்ளலாம். முன்னது காலாளுக்கும் வேடருக்கும் உரியது. பின்னது தேரிலும் குதிரையிலும் சென்றவர்க்கு உரியது. இப்படிப் பார்த்தால் வேடனான ஏகலைவன் பெருவிரலால் எய்தான் என்பதே ஒரு செய்தி. அவன் தேர்வீரரின் முறையைக் கற்றிருந்தான். துரோணர் அவனிடமிருந்து திரும்பப் பெற்றது அதைத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

தமிழ் வேடரின் வில் வாழ்க்கைக்குச் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியும், பெரிய புராணத்தின் கண்ணப்ப நாயனார் வரலாறும் விரிவான படங்கள். உடுப்பூர்த் தலைவன் நாகன் தன் மகன் திண்ணனுக்கு வில் பயிற்சி தொடங்குமுன் உற்றாரை அழைத்து விழா எடுத்ததைச் சேக்கிழார் பாடுகிறார். நாணுக்கு உதவிய செடிகளில் ஒன்று மரல். வறண்ட காடுகளில் வாள்போன்ற இலைகளுடன் வளரும் இதன் நார் மிக வலிமையானது. ஆங்கிலேயரும் இந்த இனத்துக்கு ‘வில்நாண் சணல்’ என்ற பொருளிலேயே பெயரிட்டார்கள். இன்று இதன் உறவுச்செடிகள் வீட்டு வரவேற்பறையில் தொட்டிச் செடியாக நிற்கின்றன.

கல் வளையம்

பெருவிரலால் கனத்த வில்லை இழுத்தால் சதை கிழியும். அதற்கு மாற்றாக வந்தது பெருவிரல் வளையம். சீனாவில் ஷாங் அரசி ஃபூ ஹாவின் கல்லறையை 1976-இல் அகழ்ந்தபோது, நாண் பதிவதற்கான பள்ளத்துடன் கூடிய பச்சைக்கல் வளையம் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1200. கையின் விடுகைக்கு உதவ மனிதர் செய்த மிகப் பழைய துணைக்கருவிகளில் இது ஒன்று. துருக்கியரும் பாரசீகரும் கொம்பு, தந்தம், உலோகம், பச்சைக்கல் ஆகியவற்றில் வளையம் செய்தார்கள். பாரசீகத்தில் இதற்கு ‘ஜிஹ்கீர்’ என்று பெயர், நாணைப் பிடிப்பது என்று பொருள்.

முகலாயர் காலத்தில் இவ்வளையம் இந்தியாவில் அரசர்க்குரிய அணியாகவே ஆயிற்று. மாணிக்கமும் மரகதமும் பதித்த வளையங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஷாஜகானின் பட்டப்பெயர் பொறித்த, 1630களைச் சேர்ந்த பச்சைக்கல் வளையம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் வளையத்தில் நாண் உராய்வின்றி வழுக்கிச் செல்லும். சதைக்குப் பதில் கல் என்பது வலிக்கு மட்டுமல்லாமல் குறிக்கும் நல்லதாயிற்று. துப்பாக்கி பரவியதும் வளையம் விரலில் வெறும் மோதிரமாக எஞ்சியது.

விசைப்பொறி

மேற்கில் வில்வேட்டை மறுபிறவி எடுத்தது 20-ஆம் நூற்றாண்டில். 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், யாஹி என்னும் அழிந்த குடியின் கடைசி ஆளான இஷி வெளியுலகுக்கு வந்தார். அவரிடம் வில்வேட்டை கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். இஷி பெருவிரலை நாணில் மடித்து இழுத்தார் என்று போப் குறித்திருக்கிறார். மங்கோலிய முறையின் ஒரு திரிபு அது. இஷி 1916-இல் இறந்தார். போப் 1923-இல் வெளியிட்ட நூல் அமெரிக்க வில்வேட்டையின் மூலநூல் ஆயிற்று. ஆனால் போப் தம் ஆசிரியரின் பெருவிரல் முறையைப் பின்பற்றாமல் ஆங்கிலேயரின் மூன்று விரல் முறையிலேயே எய்தார். 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி வேட்டைப் பருவத்தை அறிவித்தது.

பெரிய மாற்றம் வில்லிலேயே வந்தது. மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லில், இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்கள் உண்டு. முழுவதும் இழுத்து முடித்ததும் கையிலுள்ள பளு பெரும்பகுதி குறைந்துவிடும். 60 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு குறைந்தால், இழுத்த நிலையில் கை தாங்குவது 12 பவுண்டுதான். வேடர் மான் திரும்பும்வரை நாணை இழுத்தபடியே காத்திருக்க இது உதவியது. ஆனால் இந்த வில் குட்டையானது. நாண் மீண்டும் கூர்கோணமாக மடிந்து விரலை நசுக்கியது. மைய ஆசியக் குதிரைவீரர் சந்தித்த அதே சிக்கல் அமெரிக்க வேடர்களுக்கும் வந்தது. அங்கே விடை கல் வளையம், இங்கே விடை விசைப்பொறி.

பொறியின் தத்துவம் எளியது. நாணில் கட்டிய சிறு கயிற்று வளையத்தைப் பொறியின் கொக்கி பிடித்துக்கொள்ளும். விசையைத் தொட்டால் கொக்கி விலகும். மூன்று விரல் முறையில் நாண் விரல்நுனிகளைச் சுற்றி உருண்டு வெளியேறுவதால் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, அம்பு பாம்புபோல் பக்கம் மாறி நெளிந்து பறக்கும். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படமெடுத்து இந்த நெளிவைக் கண்கூடாகக் காட்டினார். ஒரே புள்ளியில் பிடிக்கும் பொறியில் இந்தப் பக்கநெளிவு பெருமளவு குறைகிறது.

இன்றைய பொறிகள் நான்கு வகைப்படும். மணிக்கட்டில் பட்டையால் கட்டிச் சுட்டுவிரலால் விசை தொடுவது வேடர்கள் அதிகம் விரும்புவது. மரமேறும்போதும் அது கையோடு இருக்கும், கீழே விழாது, விலங்கு சட்டென்று வந்தாலும் தேட வேண்டியதில்லை. அதன் குறையும் அதே சுட்டுவிரல்தான். மான் கண்ணில் பட்டதும் பதற்றத்தில் விரல் விசையைத் தட்டிவிடும், குறி சிதறும். இரண்டாவது கையில் பிடித்துப் பெருவிரலால் பொத்தானை அழுத்துவது. மூன்றாவதில் விசையே இல்லை. முதுகுத் தசையை இறுக்க இறுக்கப் பொறி சுழன்று, வில்லாளியே எதிர்பாராத நொடியில் நாணை விடும். நான்காவது, முன்கூட்டி அமைத்த இழுவிசை வந்ததும் தானே விடுவது. பின்னிரண்டும் பதற்றத்துக்கு மருந்தாகப் போட்டியாளர்களிடையே பெயர்பெற்றவை. ஆனால் நாணை இழுக்கும் வழியிலேயே கை திருகினால் சுழல்பொறி விட்டுவிடும், கை முகத்தில் மோதும். குளிரில் கையுறையோடு, விலங்கு எப்போது நகரும் என்று தெரியாத காட்டில், ‘எதிர்பாராத நொடி’ எல்லாருக்கும் ஒத்துவராது. உலோகம் உலோகத்தில் படும் சிறு ஒலிகூட மானை எச்சரிக்கும் என்பதால் ஓசையற்ற பொறியை வேடர்கள் தேடுகிறார்கள். தவறிய அம்பு போட்டியில் ஒரு மதிப்பெண்ணோடு போகும். வேட்டையில் அது காயம்பட்டு ஓடிக் காட்டுக்குள் சாகும் உயிர். பொறித் தேர்வில் வேடர்கள் காட்டும் கவனத்துக்கு இதுவே நியாயமான காரணம்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு வேட்டையில் இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. வில்லானாலும் துப்பாக்கியானாலும் கண்ணியானாலும் குற்றமே. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் சட்டத்தின் 65-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே இங்கே விசைப்பொறி விளையாட்டுக் கருவியாகவே வந்து சேர்ந்தது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி ரிகர்வ் வில்லுக்குப் பொறி கூடாது, காம்பவுண்ட் வில்லுக்கு உண்டு. அதுவும் வில்லோடு இணைக்கப்படாததாகவும் மின்கருவி இல்லாததாகவும் இருக்க வேண்டும். இந்தப் பிரிவில் இந்தியர்கள் சிறந்து விளங்குகிறார்கள். 2023-இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் தனிநபர் தங்கம் வென்றார்கள். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே கிடைத்தன.

கையில்லாத வில்லாளி

ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில் 2007-இல் பிறந்த சீதல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. நாற்காலியில் அமர்ந்து, காலை உயர்த்திப் பாதத்தால் வில்லைப் பிடித்து, தோளில் கட்டிய பொறியால் நாணை இழுத்து, வாயால் விசையை இயக்கி அவர் எய்கிறார். இதே வழியில் அவருக்கு முன் எய்து காட்டியவர் அமெரிக்காவின் மேட் ஸ்டட்ஸ்மன். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் வெள்ளியும் 2024 பாரிஸில் தங்கமும் பெற்றவர். சீதல் 2023 ஆசியப் பாரா விளையாட்டில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் பெற்றார். 2025-இல் குவாங்ஜுவில் உலகப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் மாற்றுத்திறன் இல்லாதோருக்கான இந்திய இளையோர் அணியிலும் ஆசியக் கோப்பைக்காகத் தேர்வானார்.

வில்லைக் காலால் தாங்கும் இந்தியரைப் பற்றி நியார்க்கஸ் சொன்னதற்கும் சீதல் தேவிக்கும் இடையில் 2,300 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அவர் நாணை விடும்போது பெருவிரலோ மற்ற விரல்களோ நாணைத் தொடுவதில்லை. தாடை சற்றே அசைகிறது, அம்பு புறப்படுகிறது.